பச்சிளங்குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா, கூடாதா என்ற கேள்வி நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பதிலும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். பாட்டி வைத்தியத்துக்கு ஈடில்லை என்பது ஒரு தரப்பு. எண்ணெய்ப் பக்கமே போகாதீர்கள் என்பது மறுதரப்பு. பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்கு இரண்டு பதிலுமே உதவுவதில்லை. இதமாகத் தேய்த்து விடுவதில் நன்மை உண்டு, அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்து சேருவது தேய்க்க உட்காரும்போது கூடவே செய்யப்படும் வேறு காரியங்களால். மூக்கில் எண்ணெய் விடுகிறார்கள், தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுக்கிறார்கள், மார்பைப் பிதுக்குகிறார்கள், கற்பூர எண்ணெய் தடவுகிறார்கள், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ‘எண்ணெய்க் குளியல்’ என்று ஒரே பேரில் வைத்திருப்பதால், வேண்டாம் என்றால் எல்லாமே வேண்டாம், சரி என்றால் எல்லாமே சரி என்று ஆகிவிடுகிறது. இதைப் பிரித்துச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் நன்மை. அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஃபனி ஃபீல்ட் குழுவினர் 1986இல் குறைமாதக் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தடவை ஒன்றுக்கு 15 நிமிடம், நாளுக்கு மூன்று தடவை, 10 நாள் உடம்பைத் தடவி, கை கால்களை மடக்கி நீட்டிவிட்டார்கள். அப்படிச் செய்யப்பட்ட குழந்தைகளுக்கு மற்றக் குழந்தைகளைவிட நாள்தோறும் 47 சதவீதம் கூடுதலாக எடை ஏறியது. சராசரியாக 6 நாள் முன்னதாக வீட்டுக்கும் போனார்கள். குடித்த பால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். பிறகு நடந்த ஆய்வுகள் இதற்குக் காரணம் தேடின. ஓரளவு அழுத்தித் தேய்க்கும்போது மூளையிலிருந்து இரைப்பை வரை போகும் வேகஸ் நரம்பின் வேலை கூடுகிறது, இரைப்பையின் அசைவு சீராகிறது, இன்சுலினும் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோனும் கூடுகின்றன என்று தெரிந்தது. அழுத்தமே இல்லாமல் இறகால் வருடுவதுபோல் தடவினால் இந்தப் பலன் கிடைப்பதில்லை. குழந்தைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் இருக்கும், அது சிணுங்கும்.

அதற்காக இதை அற்புதமாக்கிவிடவும் கூடாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பின் தொகுப்பாய்வு 2004இல் சொன்ன கணக்கு அடக்கமானது. குறைமாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 கிராம் கூடுதல் எடை, மருத்துவமனையில் நாலரை நாள் குறைவு. ஆய்வுகள் செய்யப்பட்ட முறையில் குறைகள் உண்டு என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. நிறைமாதத்தில் பிறந்து நன்றாக இருக்கும் குழந்தைக்கு இத்தனை எடை கூடும், இத்தனை அறிவு வளரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2013இல் வந்த இன்னொரு காக்ரேன் ஆய்வு கூறியது. உலக சுகாதார நிறுவனமும் 2022இல் தந்த பரிந்துரையில், நலமாக உள்ள நிறைமாதக் குழந்தைக்கு உடம்பு முழுக்க இதமாகத் தேய்த்து விடுவதைப் ‘பரிசீலிக்கலாம்’ என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. எலும்பு உறுதியாகும், நிறம் வெளுக்கும், மூக்கு எடுப்பாகும் என்று எண்ணெய்ப் புட்டிகளின் மேல் அச்சிடப்படுவதற்கெல்லாம் அடிப்படை கிடையாது.

நிறைமாதக் குழந்தைக்குக் கண்ணெதிரே தெரியும் பலன் தூக்கம்தான். டெல்லியில் 125 குழந்தைகளுக்கு ஆறாவது வாரத்திலிருந்து நான்கு வாரம் பல வகை எண்ணெய் தேய்த்துப் பார்த்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. அதில் நல்லெண்ணெய் தேய்த்த குழந்தைகளின் வளர்ச்சி அளவுகளும், தேய்த்த பின் தூங்கும் நேரமும் நன்றாக இருந்தன. தாய்க்கும் பலன் உண்டு. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வில் இருந்த தாய்மாருக்குக் குழந்தையைத் தேய்த்துவிடச் சொல்லிக் கொடுத்தபோது சோர்வு குறைந்ததையும், குழந்தையோடு அவர்கள் கொண்ட ஒட்டுதல் கூடியதையும் 2001இல் வந்த லண்டன் ஆய்வு காட்டியது. நம் வீடுகளில் பெரும்பாலும் பாட்டியோ, குளிப்பாட்ட வரும் அம்மாளோ தேய்க்கிறார்கள். தாய் பக்கத்தில் நின்று துண்டு எடுத்துக் கொடுப்பதோடு சரி. உடம்பு தேறியதும் வாரத்தில் சில நாளாவது தாயின் கையால் தேய்க்கவிடுங்கள்.

எடை குறைந்த குழந்தைக்கு ஒரு விலக்கு. 2.5 கிலோவுக்குக் கீழ் பிறந்த குழந்தைக்கு முதல் தேவை தாயின் நெஞ்சோடு நெஞ்சாகத் தோல் படும்படி வைத்துக்கொள்ளும் கங்காரு முறை. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. டெல்லி உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படி வைத்துக்கொண்டதால் முதல் 28 நாளில் நேரும் இறப்பு கால்வாசி குறைந்தது. இந்த அளவுக்கு ஆதாரம் தேய்ப்பதற்குக் கிடையாது. அதனால் எடை குறைந்த குழந்தையைத் தேய்க்க வேண்டுமென்று நெஞ்சிலிருந்து இறக்காதீர்கள். எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். 2 கிலோகூட வராத குழந்தைக்குக் குளியலே வேண்டாம், துணியை நனைத்துத் துடைத்தால் போதும்.

இனி செய்முறை. பிறந்து 24 மணி நேரம் முடியும் வரை குளிப்பாட்டக் கூடாது. தொப்புள்கொடி விழுந்து அடி காய்கிற வரை வயிற்றை விட்டுவிட்டு, கை, கால், முதுகுக்கு மட்டும் தேய்க்கலாம். தொப்புளில் எண்ணெய், மஞ்சள், சாம்பல், விபூதி எதுவும் வேண்டாம். அது காய்ந்து விழ வேண்டிய இடம், ஈரம் பட்டால் கிருமி பிடிக்கும். பால் குடித்து முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பசித்து அழும்போதும் தொடங்கக் கூடாது, தூங்கும் குழந்தையை எழுப்பியும் தேய்க்கக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, காற்று வரும் சன்னலைச் சாத்திவிடுங்கள். அறை 25லிருந்து 28 டிகிரி வரை இருந்தால் நல்லது. தேய்ப்பவர் வளையல், மோதிரம் கழற்றி, நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துண்டு, மாற்றுத்துணி, தொப்பி எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் பட்ட குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு துண்டு தேடப் போவதில்தான் வழுக்கி விழுவது நடக்கிறது. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே கால்களின் மேல் குழந்தையைக் கிடத்தும் நம் ஊர் முறை இந்த வகையில் மிக நல்லது. கட்டில், மேசை மேல் வைத்துத் தேய்ப்பதைவிட அது பாதுகாப்பானது.

மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. எண்ணெய் தாராளம். எண்ணெயை நேரே அடுப்பில் வைக்க வேண்டாம். வெந்நீர்க் கிண்ணத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து எடுத்து, உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சூடே தெரியக் கூடாது. எண்ணெயை முதலில் உங்கள் உள்ளங்கையில் பரப்பிக்கொண்டு அப்புறம் குழந்தையைத் தொடுங்கள். பாதத்திலிருந்து தொடங்கினால் குழந்தை மிரளாது. முகத்திலும் நெஞ்சிலும் கை வைத்துத் தொடங்கினால் பெரும்பாலும் அழும். உள்ளங்காலைக் கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல் நோக்கி நீவி, பிறகு தொடையிலிருந்து கணுக்கால் வரை, அடுத்து கைகள், தோள் முதல் மணிக்கட்டு வரை. நெஞ்சில் நடுவிலிருந்து இரு பக்கமும் புத்தகம் விரிப்பதுபோல் தடவ வேண்டும். வயிற்றில் குழந்தையின் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, தொப்புளுக்கு மேலாகக் குறுக்கே வந்து, இடது பக்கம் கீழே இறங்குங்கள். பெருங்குடல் போகும் வழி அது, வாயு அந்த வழியில்தான் இறங்கும். எதிர்த் திசையில் தேய்த்தால் பலன் இல்லை. பிறகு முழங்கால்களை வயிற்றுப் பக்கம் மெல்ல மடக்கி நீட்ட வேண்டும், ஐந்தாறு தடவை போதும். கடைசியில் குப்புறக் கிடத்தி முதுகு. விரல் நுனியால் குத்தாமல் விரல்களின் உட்பக்கச் சதையால் தேய்க்க வேண்டும். தோல் கையோடு சற்று நகர்ந்தால் அழுத்தம் சரி, சிவந்துவிட்டால் அதிகம். மொத்தம் 10 நிமிடம், மிஞ்சினால் 15. இடையில் குழந்தை விரலை விரித்து உதறுவது, முகத்தைத் திருப்புவது, விக்கல் எடுப்பது எல்லாம் ‘போதும்’ என்பதற்கு அடையாளம். அன்றைக்கு அத்துடன் விட்டுவிட வேண்டும்.

குளியல் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தண்ணீர் 37, 38 டிகிரி, முழங்கை வைத்தால் இதமாக இருக்கும் சூடு. முதலில் தலையைத் துவட்டுங்கள், குழந்தை உடம்பின் சூடு தலைவழியாகத்தான் நிறையப் போகிறது. பயத்தமாவைக் குழைத்துப் பூனைமுடி உதிர உருட்டித் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். அந்த முடி தானே உதிரும், உரசிய தோலில்தான் புண் வரும், மடிப்புகளில் மாவும் தங்கிவிடும். துடைத்து உடுத்திய பிறகு உங்கள் புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் நலம். வயிறு சூடு, பாதம் சில்லென்று இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது, உடனே நெஞ்சோடு அணைத்துப் போர்த்துங்கள். இரண்டுமே சில்லிட்டிருந்தால் அணைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

எந்த எண்ணெய் என்பதில் எங்கள் கருத்து இது. சூரியகாந்தி எண்ணெயில் தோலின் காப்புக்குத் தேவையான லினோலீக் அமிலம் நிறைய உண்டு. டாக்கா சிசு மருத்துவமனையில் 33 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு அதைத் தடவியதில் மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 சதவீதம் குறைந்தன என்று 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. தேங்காய் எண்ணெயும் நல்லதே, மும்பையில் நடந்த ஆய்வில் எடை கூட உதவியது. நல்லெண்ணெயைப் பற்றி மேலே சொன்னோம். கடுகெண்ணெய் தோலை எரிக்கும். ஆலிவ் எண்ணெயில் ஓலீக் அமிலம் மிகுதி, அது தோலின் மேலடுக்கைத் தளர்த்துகிறது. விலை கூடியது என்பதால் குழந்தைக்கு உயர்ந்தது என்று நினைத்து வாங்குகிறார்கள், தேவையில்லை. கடலை எண்ணெய் வேண்டாம். சிறு வயதில் தோலில் தடவப்பட்ட கடலை எண்ணெய்க்கும் பின்னாளில் வரும் கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். எதுவானாலும் காறல் வாசனை வந்த எண்ணெய் ஆகாது. தலையில் எண்ணெயை ஊறவிட வேண்டாம், சிலருக்கு உச்சந்தலையில் பொருக்குத் தட்டுவதை அது கூட்டும். தோல் நோய் வராமல் தடுக்கும் என்று தினமும் எண்ணெய் பூசுவதை நலமான குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி விட வேண்டியவை. எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது மூக்கில் எண்ணெய் விடுவது. கால் மேல் மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கழுத்து பின்னால் சாய்ந்திருக்கிறது. அது அழுகிறது. அழும்போது மூச்சை ஆழ இழுக்கிறது. அந்த நேரத்தில் மூக்கில் விடும் ஐந்தாறு சொட்டு எண்ணெய் நேரே நுரையீரலுக்குப் போகிறது. தண்ணீர் போனால் புரையேறி இருமல் வரும். எண்ணெய் வழுவழுப்பானது, இருமலைத் தூண்டாமலே இறங்கிவிடும். அதனால் உள்ளே போனதை யாரும் கவனிப்பதில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாளும் விடுகிறார்கள். நுரையீரலில் தூசியையும் சளியையும் மேலே தள்ளும் நுண்மயிர்களின் வேலையை எண்ணெய் முடக்குகிறது. அதை அகற்ற வரும் வெள்ளணுக்களால் எண்ணெயைச் செரிக்க முடிவதில்லை, அந்த இடம் வீங்கி இறுகுகிறது. இதுதான் எண்ணெய் நிமோனியா. இருமல், இளைப்பு, லேசான காய்ச்சல் என்று வரும், சாதாரண நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் எக்ஸ்ரேயில் நிழல் மறையாது. எண்ணெய் விட்டீர்களா என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை, வீட்டில் அதை மருந்தாகவோ தவறாகவோ நினைப்பதில்லை என்பதால். நெய் போன்ற விலங்குக் கொழுப்பு இன்னும் மோசம். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இந்த நோய் இருப்பதைப் பற்றி 1973லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. இன்றும் இது நிற்கவில்லை என்பது வேதனை. முதல் சில மாதம் குழந்தை மூக்கால்தான் சுவாசிக்கும், அதனால் மூக்கடைப்பு அதற்குத் துன்பமே. அதற்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்ற உப்புநீர் மூக்குச் சொட்டு இருக்கிறது. பால் கொடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு ஒவ்வொரு துளையிலும் ஓரிரு சொட்டு. உப்புநீர் நுரையீரலைக் கெடுக்காது. வாயில் எண்ணெயோ நெய்யோ வைத்து ‘தொண்டை இளக’ விடுவதும் அதே வழியில் அதே நோயைத் தரும். காதில் விடுவதாலும் பயன் இல்லை.

மூக்கில் வாய் வைத்து ஊதுவதும், விரலை விட்டுச் சளி வழிப்பதும் சேர்ந்தே நடக்கின்றன. பெரியவர்களின் வாய்க்கொப்புளத்தில் இருக்கும் ஹெர்பிஸ் கிருமி பச்சிளங்குழந்தைக்குப் போனால் மூளைக்காய்ச்சல் வரலாம். விரல் நகம் தொண்டைச் சுவரைக் கிழித்து, சீழ் பிடித்து வரும் குழந்தைகளும் உண்டு.

மார்பைப் பிதுக்குவது பற்றி. பிறந்த சில நாளில் ஆண், பெண் இரு பாலுக்கும் மார்பு சற்று வீங்கும், சில துளி பால் போல் கசியும். கருவில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த ஹார்மோன்தான் காரணம். சில வாரத்தில், சிலருக்குச் சில மாதத்தில், தானே வற்றிவிடும். பிதுக்கினால் தோலில் உள்ள ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே போய்ச் சீழ்க்கட்டி ஆகிறது. கத்தி வைத்துத் திறக்க வேண்டி வரும். பெண்குழந்தையானால் அந்தச் சிறு முளையே பின்னாளில் மார்பாக வளர வேண்டியது, அது சேதமானால் ஒரு பக்கம் வளராமலே போகலாம். பெண்குழந்தைக்கு ‘அளவாக இருக்கும்’ என்று செய்யும் இந்தக் காரியம் அவளுக்குத் தீங்காக முடிகிறது. எண்ணெய்க் கை அந்த இடத்தைத் தடவிக்கொண்டு போனால் போதும், அழுத்தவே வேண்டாம்.

சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது பல வீடுகளில் வழக்கம். கற்பூரம் தோல் வழியாக உடம்பில் ஏறும். எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிடக் குழந்தைக்குத் தோலின் பரப்பு அதிகம், அதனால் ஏறும் அளவும் அதிகம். வலிப்பு வரக்கூடும். ஒரு கிராம் கற்பூரம் வாய்க்குள் போனாலே சிறுகுழந்தையின் உயிருக்கு ஆபத்து. எண்ணெய்க் கிண்ணத்தைக் கவிழ்த்துக் குடித்துவிடும் தவழும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். நீலகிரித் தைலமும் அப்படியே. நெஞ்சில் தடவும் தைலங்களின் அட்டையில் 2 வயதுக்குக் கீழே கூடாது என்று போட்டிருப்பார்கள், படித்துவிட்டு வாங்குங்கள். சாம்பிராணிப் புகை மூச்சுக்குழாயை உறுத்தும், இளைப்பு உள்ள குழந்தைக்குக் கேடு. தலைமுடியைத் துண்டால் துவட்டினாலே காய்ந்துவிடும்.

தலையை உருட்டி வடிவமாக்குவதும், மூக்கைப் பிடித்து நீவுவதும் தேவையில்லாத வேலை. பிரசவப் பாதையில் நசுங்கிய தலை சில நாளில், அதிகம் போனால் சில வாரத்தில், தானே சீராகும். தலையின் ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று புடைத்திருந்தால் எலும்பின் மேலே ரத்தம் தேங்கியிருக்கலாம். அது வற்ற வாரக்கணக்கில் ஆகும், அழுத்தினால் கெடுதல். கால் வளைந்திருக்கிறதென்று இரு காலையும் சேர்த்து நீட்டி இறுகக் கட்டுவதும் வேண்டாம். இரண்டு வயது வரை அந்த வளைவு இயல்பு. இடுப்பு மூட்டுச் சரியாக அமைய, தொடைகள் தவளைக்கால்போல் மடங்கி விரிந்திருப்பது அவசியம். தலைகீழாகத் தூக்கிக் குலுக்குவதால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். இதில் சமரசமே கூடாது.

‘உரம் விழுந்துவிட்டது’ என்று துணியில் போட்டு உருட்டுவதும், ‘தொக்கம்’, அதாவது வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது, என்று வயிற்றை நீவுவதும் இன்னும் சிக்கலானவை. விடாது அழும் குழந்தைக்குக் காரணங்கள் பல: வயிற்று வாயு, காதுவலி, பிரசவத்தில் முறிந்த காறை எலும்பு, விதைப்பையில் இறங்கி மாட்டிக்கொண்ட குடல். நாலு மாதம் முதல் பத்து மாதம் வரை உள்ள குழந்தைக்குக் குடல் குடலுக்குள் சொருகிக்கொள்ளும் நோய் வரும். விட்டுவிட்டு வீறிட்டு அழும், காலை வயிற்றோடு மடக்கும், இடையில் சோர்ந்து கிடக்கும், பிறகு ரத்தமும் சளியுமாக மலம் போகும். அந்த வயிற்றை நீவினால் போவது நேரம்தான். சில மணி நேரத்துக்குள் வந்தால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே சரிசெய்துவிட முடியும், தாமதித்தால் குடலை வெட்டி எடுக்க வேண்டி வரும். கழுத்து ஒரு பக்கமே சாய்ந்திருந்து, அங்கே சிறு கட்டி தட்டுப்பட்டால் அது கழுத்துத் தசையின் இறுக்கம். இயன்முறை மருத்துவரிடம் பயிற்சி கற்று வீட்டில் செய்தால், சீக்கிரம் தொடங்கிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நேராகிவிடும்.

மருத்துவரே செய்யச் சொல்லும் ஒரு மசாஜ் இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. கண்ணில் எப்போதும் நீர் வடிந்து பீளை கட்டும் குழந்தைக்குக் கண்ணீர்க் குழாயின் கீழ்முனையில் மெல்லிய சவ்வு திறக்காமல் இருக்கும். கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவே சுண்டுவிரலை வைத்து, எலும்பு விரலில் தட்டுப்படும்படி சற்று அழுத்தி, மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி ஒரே இழுப்பாக இறக்க வேண்டும். உள்ளே இருக்கும் நீர் அழுத்தத்தில் இறங்கி அந்தச் சவ்வைத் திறக்கிறது. ஒரு வேளைக்கு 5லிருந்து 10 தடவை, நாளுக்கு மூன்று நாலு வேளை. எண்ணெய் வேண்டாம், கழுவிய கை போதும். கண்மணிப் பக்கம் விரல் போகக் கூடாது. மெல்லத் தடவினால் பலன் இருக்காது, பயந்து தடவுவதால்தான் பலருக்கு இது பயன்படாமல் போகிறது. முதல் வயது முடிவதற்குள் பத்தில் ஒன்பது குழந்தைக்குக் குழாய் திறந்துகொள்ளும். மூலையில் சிவந்து வீங்கினாலோ, ஒரு வயது தாண்டினாலோ கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

தடுப்பூசி போட்ட நாளும் அடுத்த நாளும் ஊசி போட்ட தொடையைத் தேய்க்காதீர்கள். இடது மேற்கையில் போடும் பி.சி.ஜி. ஊசி ஒரு மாதம் கழித்துச் சிறு கொப்புளமாகிப் புண்ணாகும், அது அப்படித்தான் ஆற வேண்டும், எண்ணெய் வைக்கக் கூடாது. காய்ச்சல், தோல் தொற்று, பால் குடிக்காத சோர்வு இருந்தால் அன்று தேய்ப்பது கிடையாது. உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சளாகிவிட்டால் எண்ணெய் தேய்த்து வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். பிரசவித்த தாய்க்கும் ஒரு வார்த்தை. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அந்தக் காலை யாரும் அமுக்கக் கூடாது.

நாங்கள் சுகாதாரத் துறையிடம் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. 2015இல் தமிழக அரசு தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருட்களில் குழந்தைக்கான எண்ணெயும் ஒன்று. எண்ணெயைக் கையில் கொடுக்கும்போதே எப்படித் தேய்ப்பது, எங்கே விடக்கூடாது என்று செய்து காட்டலாம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் பொம்மையை வைத்து ஒரு செவிலியர் காட்ட 10 நிமிடம் போதும். அப்போது தாயோடு, வீட்டில் யார் குளிப்பாட்டப் போகிறாரோ அவரையும் உட்கார வைக்க வேண்டும். இன்று நாம் சொல்வதெல்லாம் 22 வயதுத் தாயிடம் சொல்கிறோம். அவள் வீட்டில் மாமியாரிடமோ, நாற்பது குழந்தையைக் குளிப்பாட்டிய அம்மாளிடமோ ‘மூக்கில் எண்ணெய் விடாதீங்க அத்தை’ என்று எப்படிச் சொல்வாள்? சொன்னாலும் எடுபடாது. அந்த அத்தையிடம் நாம்தான் மரியாதையோடு பேச வேண்டும். ‘உங்கள் கை நல்ல கை, கால் நீட்டிக் கிடத்துகிறீர்களே, அதுதான் சரியான முறை. மூக்கையும் மார்பையும் மட்டும் விட்டுவிடுங்கள்’ என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள் என்று ஆறு வருகைகள் உள்ளன. அவற்றில் 7ஆம் நாளோ 14ஆம் நாளோ வருகையைக் குளியல் நேரத்தில் வைத்துக்கொண்டு, குளிப்பாட்டுவதை நேரில் பார்க்கும்படி கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு அறிவுறுத்தலாம். ஒவ்வொரு ஊரிலும் குழந்தைக்குக் குளிப்பாட்டப் போகும் அம்மாள்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்களை அழைத்து ஒரு பிற்பகல் பேசினாலே அந்த ஊரின் எல்லாக் குழந்தைகளுக்கும் அது போய்ச் சேரும்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
மதுரை மாவட்டம்